நாலுக்கு நாலு

பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது.
அதைப் பற்றி மயக்க டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை.
"பஸ்ஸில் போனா சர்த்தி வருமா?" என்றார்.

ஆசாரிப்பள்ளத்துக்கு வந்ததே அப்படித்தான்.
மணவாளக்குறிச்சி தாண்டி அம்மாண்டிவிளை வளைவில்
தலையை ஜன்னலுக்கு வெளியே கொடுத்து.
கண்டக்டருக்கு என்னைத் தெரியும்,
கடைசி சீட்டில் உட்கார விடமாட்டார்.

வரும் என்றேன்.
ஒரு விரலை மடக்கினார்.

பீடி, சிகரெட்?
எனக்குச் சிரிப்பு வந்தது.
இரண்டாவது விரலும் மடங்கியது.
"புகைக்கிறவங்களுக்கு இந்த ஓக்கானம் கொஞ்சம் குறைவு."
பக்கத்தில் நின்ற ததேயு நெஞ்சை நிமிர்த்தினார்:
இருபது நாள் ஆழ்கடல், ஒருதடவை கக்கினதில்லை.
டாக்டரம்மா அவர் சட்டைப்பையைப் பார்த்தார்.
"அந்தச் சலுகை நமக்கு வேண்டாம்."

பெண் என்பதற்கு ஒன்று.
கேட்காமலே மடக்கினார்.
வலிக்குப் போடப்போகும் கனத்த மருந்துக்கு ஒன்று.
கட்டைவிரல் மட்டும் தனியே நின்றது.

அப்போதுதான் சொன்னேன்.
பதினோரு வருஷம் முன்பு, கருத்தடை ஆபரேஷன் அன்று,
விடிய விடிய.
வாந்தியில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வாந்தி.
ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் பிடித்து இழுக்க,
"கொஞ்சம் அடக்கும்மா" என்றாள் ஒருத்தி,
நான் ஏதோ கையில் வைத்து ஆட்டுகிற மாதிரி.
அது என் உடம்புக் குணம் என்றே இருந்துவிட்டேன்.

"குணமில்ல ஜெசிந்தா, கணக்கு" என்றார்.
"அன்னைக்கு யாரும் கூட்டிப் பாக்கல."

இந்தமுறை மயக்கம் முகமூடியில் வரவில்லை,
முழுக்க நரம்பு வழியே.
தூங்கியதும் ஒரு ஊசி,
தையல் போடும்போது இன்னொன்று.
துளைகளைச் சுற்றி மரக்க வைத்து
கனத்த மருந்தைப் பாதியாக்கினார்களாம்.
எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தால் தோள்பட்டை வலிக்கிறது.
கை வைத்தது வயிற்றில், நோவது தோளில்.
உள்ளே நிரப்பிய வாயு, போய்விடும் என்றார்கள்.

நான் வேறொன்றுக்குக் காத்திருந்தேன்.
முதலில் வாயில் தண்ணீர் ஊறும்,
காதோரம் வியர்க்கும்,
பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கை மேலே ஏறும்.
ததேயு கறுப்புக் கவரை விரித்துப் பிடித்தபடி
ஸ்டூலிலேயே தூங்கிப்போனார்.
ஒன்பது மணி. பதினொன்று.
எதிர்க் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள்,
அந்த வாசத்துக்குக்கூட
எதுவும் அசையவில்லை.

காலையில் கட்டன்சாயா இறங்கியது, இறங்கிய இடத்திலேயே இருந்தது.
கவரை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பித்தப்பை இருந்தது,
கல்லின் அளவு இருந்தது.
நான் ஒருதடவைகூட சர்த்திக்காத இரவு
எந்த வரியிலும் இல்லை.

முன் சீட்டு கொடுத்தார் கண்டக்டர்.
தலையணையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்தேன்.
ஊசியின் வேலை ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்தது போல.
அம்மாண்டிவிளை வளைவில்
ததேயு ஒன்றும் கேட்காமல்
அந்தக் கவரை விரித்தார்.