உலர்த்தி சுழலும் நாற்பது நிமிடம்

மில்வாக்கியின் வடக்கில், செவ்வாய் மாலை,
சலவைக்கடையில் துணி மடிக்கும் மேசைமேல்
வெர்லீன் தன் பிரஷர் கருவியை வைக்கிறாள்.
பக்கத்தில் ஒரு டப்பா ஆரஞ்சுச் சுளை,
கூட வரும் பிள்ளைகளுக்கு.

நான் பாடம் கேட்க வந்தவளில்லை.
பேருந்து ஓட்டுகிறவள்.
இரண்டே சீருடை, விடிந்தால் நாலரைக்கு வேலை.
"கையை நீட்டு" என்றாள்.
"எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்."
குத்துக்கல்லின் கையைப் பட்டை இறுக்கியது.
காற்று இறங்க இறங்க
அவள் முகமும் இறங்கியது.
நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்று நான்கு.
வாய்விட்டுச் சொல்லவில்லை அவள்.
சலவை ரசீதின் பின்புறம் எழுதி
நாலாய் மடித்து
என் உள்ளங்கையில் வைத்தாள்,
அடைக்காத கடன் போல.

உலர்த்தியில் காசு விழுந்ததும் வகுப்பு.
ஏழெட்டுப் பெண்கள்.
மார்போடு கட்டிய குழந்தையுடன் டாஷீனா.
ஒற்றைக் காலுறையைப் பிடித்துக்கொண்டு
அதன் ஜோடியைத் தேடும் அவள் கணவன் ஓரெல்.

இன்றைக்குப் படமில்லை, துண்டறிக்கை இல்லை,
மருத்துவமனையில் சொல்ல நாலு வரிதான்:
பத்தொன்பது நாளுக்கு முன் பிள்ளை பெற்றேன்.
தலை பிளக்கிறது.
கண்முன் பூச்சி பறக்கிறது.
பரிசோதிக்காமல் போகமாட்டேன்.

டாஷீனா "மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தாள்.
"அதை எடுத்துப் போடு, சோற்றில் கல்."
மறுபடி சொன்னாள்.
இயந்திர இரைச்சலில் குரல் முழுகியது.
"அவசரப் பிரிவு இதைவிடச் சத்தம், பெண்ணே."
மறுபடி.
இம்முறை பாதியில் சிரித்துவிட்டாள்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அவளுக்குப் பேச்சு நின்றுபோனால்?" என்றான் ஓரெல்.
"நீ சொல்."
"நான் குரல் உயர்த்தினால்
டாக்டர் வரமாட்டார், காவலாள்தான் வருவான்."

உலர்த்திக்குள் ஏதோ ஒரு பித்தான்
டக் டக்கென்று தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது.
வெர்லீனின் காகிதங்களில்
இதற்குப் பதில் இல்லை.

மூலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவள்,
பெயர்கூடத் தெரியாது எனக்கு,
திரும்பாமலே சொன்னாள்:
"உட்கார்ந்து சொல்.
கை இரண்டும் மடியில் தெரியட்டும்.
எழுந்திருக்காதே, ஆனால் நிறுத்தவும் செய்யாதே."

ஆறடி மூன்றங்குல ஆள்
கவிழ்த்த துணிக்கூடையில் குறுகி உட்கார்ந்தான்.
மனைவிக்காகப் பேச
இப்படியொரு ஒத்திகை.
என் மனைவி பத்தொன்பது நாளுக்கு முன்...
மூன்று முறை சொன்னான்.
மூன்றாம் முறை
தூங்கிய குழந்தை கண் திறந்து பார்த்தது.

சீருடை காய்ந்துவிட்டது. போனேன்.
நல்லிரவுகூடச் சொல்லவில்லை.

காலையில் சிவப்பு விளக்கில்
சட்டைப்பையைத் தொட்டேன். ரசீது இருந்தது,
எண்ணும் இருந்தது.
என் தடத்தில் ஒன்பதாவது நிறுத்தம் கிளினிக் வாசல்.
பதினோரு வருடமாய் அங்கே
கதவைத் திறந்து
மற்றவர்களை இறக்கிவிட்டிருக்கிறேன்.