மீன் ரசீதின் முதுகில்

காலை ஒன்பதுக்கு, ஆன் செய்ததும், இரண்டு ஜிபி.
மதியம் ஐந்து.
விளக்குப் போடும் நேரம்
(ஊலு நகரில் டிசம்பரில் அது மூன்று மணி)
ஏழே முக்கால்.
மீன் வாங்கிய ரசீதின் முதுகில்
குறித்துக்கொண்டே வருகிறாள் தூலிக்கி.

முதலில் பிரௌசர்மேல்தான் சந்தேகம்,
எல்லா வீட்டிலும் போல.
நாற்பது டேபையும் மூடினாள்.
எண் அசைந்து கொடுக்கவில்லை.
"ரீஸ்டார்ட் பண்ணித் தொலையேன்"
என்றான் எஸ்கோ, ஈரக் காலுறையைப் பிழிந்தபடி.
வீங்கிய வயிற்றுக்குச்
சட்டையை மாற்றினால் ஆயிற்றா?

டெர்மினலில் வரிசை புரண்டது.
பெரிய பெயர்களெல்லாம்
இருந்த இடத்திலேயே இருந்தன.
கீழே ஒன்று மட்டும்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
படியேறிக்கொண்டிருந்தது:
பேனல் ஓரத்து வானிலைப் பொம்மை.

நொடிக்கொரு பனித்துகள் வரையும்.
வரைந்ததை விடாது.
காலையிலிருந்து பெய்த அத்தனையும்
உருகாமல் உள்ளே.

கில் என்று தட்டினாள்.
சரிந்து, இரண்டரையில் நின்றது.

பேனலில் இப்போது
ஒரு விரல் அகலம் காலி.
எஸ்கோ எட்டிப் பார்த்தான்.
"வெளியே எத்தனை டிகிரி?"

"தெரியலை" என்றாள்,
ரசீதைத் திருப்பி
மீன் விலையைப் பார்த்துக்கொண்டே.
அடேயப்பா.