பதினேழாம் எண் தாய்

ஆறு ஆண்டாய்ப் பூக்காத செராயா
இந்தப் பிப்ரவரி வறட்சியில் பூத்தது.
மூன்று வாரம் மழையில்லை,
புல்லெல்லாம் கருகுதென்று தீவே அலுத்துக்கொண்டபோது
நாங்கள் மட்டும் அண்ணாந்து திரிந்தோம்,
கழுத்து வலிக்கு ஆளுக்கொரு தைலப் புட்டியோடு.

ஆகஸ்டில் வலை விரித்தோம்.
இறக்கை கட்டிய காய்கள்
சுழன்று சுழன்று இறங்கின,
அவசரமே இல்லாமல்.
இறங்கியபின் எல்லாமே அவசரம்.

இந்த விதைக்குக் காத்திருக்கத் தெரியாது.
நெல்லைப்போல் குதிரில் கிடக்காது.
காய்ந்தால் சாகும், குளிரில் வைத்தாலும் சாகும்.
விதை வங்கியின் எஃகுக் கதவுக்குள்
இதற்கென்று ஓர் இழுப்பறை கிடையாது.
ஈரச் சாக்கில் சுற்றி
நாலு நாளுக்குள் மண்ணுக்குக் கொடு.
இல்லையேல் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரு.

பதினான்காம் எண் மரம் எல்லாருக்கும் செல்லம்.
நாற்பது மீட்டர், ஒரு கோணல் இல்லை.
பூன் ஹெங் சொன்னான்:
இதன் விதை மட்டும் போதும்,
ஆயிரத்துக்குமேல் கிடக்கிறது,
மண்டாய்ப் பழைய பண்ணை நிலம் முழுக்க நிரப்பிவிடலாம்.

நிரப்பலாம்தான்.
அறுபது வருஷம் கழித்து
அக்காளும் தம்பியுமாய் ஒரு காடு நிற்கும்.
தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டு
சோகை பிடித்த விதையாய்ச் சொரியும்.
இதை அன்று நான் சரியாகச் சொல்லவில்லை.
"சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி" என்று ஆரம்பித்து,
எங்கள் வீட்டுக் கதை ஆகிவிடுமென்று
பாதியில் விழுங்கிக்கொண்டேன்.

பதினேழு, விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம்.
மின்னல் பட்டுப் பாதித் தலை போனது.
இடுப்பில் ஒரு வளைவு.
மரக்கடைக்காரன் விலைகூடக் கேட்கமாட்டான்.
அதன் பூவுக்குள் புகுந்த இலைப்பேன்,
கடுகில் பாதிகூட இல்லாதது,
ஆறு தடத்து லாரிகளைத் தாண்டி
இந்தப் பக்கம் வந்துபோயிருக்காது.

ரோஸ்மைனியும் நானும் சுற்றிக்கொண்டு போனோம்.
இரண்டு சாக்கு, கொசு மருந்து.
விழுந்து கிடந்தவை இருநூற்றுப் பதினொன்று.
நூற்று நாற்பதில் வண்டுத் துளை.
குரங்கு கடித்துத் துப்பியது போக
சாக்கின் அடியில் ஐம்பத்து மூன்று.

படிவம் நிரப்பினேன்.
இனம். இடம். தேதி.
தாய்: 17.
தந்தை என்ற கட்டத்தில்
வழக்கம்போல ஒரு கோடு.
அக்கம்பக்கத்தில் பூத்த எவனோ,
காற்றில்லாத ஓர் இரவில்
பூச்சி சுமந்து வந்த தூசு.
அந்தக் கோட்டுக்காகத்தான்
சாலையைச் சுற்றிப் போனேன் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

முளைத்தவை முப்பத்தொன்று.
பதினான்கின் பிள்ளைகள் தொள்ளாயிரம்,
வரிசை வரிசையாய்க் கொழுகொழுவென்று.
ஒரு காலை பூன் ஹெங் நாற்றங்காலுக்கு வந்து
முப்பத்தொன்றையும் எண்ணினான்.
மறுபடியும் எண்ணினான்.
முப்பதுக்கு ஒன்றாய்க் கலந்து நட்டால் சரிவருமா என்றான்,
என்னைப் பார்க்காமல்.
போதாது என்றேன்.
தெரியும் என்றான்.

அடுத்த ஆண்டு நவம்பர் மழையில் நட்டோம்.
சேறு காலணியைப் பிடுங்கிக்கொண்டது.
எங்கோ ஒரு நாற்றின் அட்டை கழன்று போயிருந்தது.
பதினான்கா, பதினேழா,
மரபணு பார்த்தால்தான் இனித் தெரியும்.
அட்டை இல்லாததை நடக்கூடாதென்று விதி.
ரோஸ்மைனி அதைக் குழிக்குள் இறக்கி,
சுற்றிலும் மண்ணை மிதித்தபடியே
மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

வலைகளைக் கொட்டகையில் உயரக் கட்டியிருக்கிறோம்.
எலி கடித்த இரண்டு இடத்தை
நேற்று நைலான் நூலால் தைத்தேன்.