நாற்பத்து மூன்று கிலோ

ஒக்டோபர் இரண்டாம் கிழமை
பேர்க்டோர்ஃப் முழுக்கச் சில்லு மாற்ற வரும்.
கராஜ் திறக்குமுன்னே வாசலில் ஏழு கார்.
அதில் ஒன்று தரையோடு தரையாய்,
சிவப்பு, இரண்டே இருக்கை,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

ஏஷ்பாக்கர் இறங்கவே இரண்டு தவணை.
முதலில் கால். பிறகு ஒரு மூச்சு. பிறகு மிச்சம்.
"ஈர ரோட்டில் பின்பக்கம் வாலாட்டுது" என்றார்.
"டயர் காரணமில்லை. மே மாதம்தான் போட்டேன்.
பார், பட்டன் அப்படியே நிற்குது."

நின்று பார்த்தால்
அவர் சொன்னது சரி.

லிஃப்ட் ஏறியது.
கையைச் சில்லுக்குப் பின்னால் விட்டுத் தடவினேன்.
உள்விளிம்பு மொட்டை.
ரப்பர் முடிந்த இடத்தில்
மயிரளவு கம்பி ஒன்று
கையுறையைத் துளைத்து விரலைக் கீறியது.
ஒரே டயர்.
இந்தப் பக்கம் மே மாதம்,
அந்தப் பக்கம் பத்து வருஷம்.

டார்ச் அடித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு டயர்க் கொம்பனியைத் திட்டினார்.
பிறகு லூயெக் மேட்டுக்கு ஏறும் தெருவை.
பிறகு, போன வருஷம்
ஸ்பிரிங்கைக் கட்டையாக்கித் தந்த மிலோராட்டை.
மிலோராட் உடனே போய்
கொம்ப்ரசரைப் போட்டான்.

சாய்வு குற்றமில்லை, அந்தச் சத்தத்தினூடே கத்திச் சொன்னேன்.
மல்யுத்தக்காரன் காலை அகட்டி நிற்கிற மாதிரி
இந்தக் கார் நிற்க வேண்டும்,
இல்லாவிட்டால் வளைவில் விழும்.
ஆனால் சாய்ந்து நிற்கிற சில்லு
போகிற திசையையாவது பார்க்க வேண்டும்.
உங்களுடையது வேறெங்கோ பார்த்தபடி
கிலோமீற்றர் கிலோமீற்றராய் இழுபட்டிருக்கிறது.
நடுக்கமில்லை, சத்தமில்லை,
உங்களுக்கு எப்படித் தெரியும்?

"என்ன?" என்றார், காதில் கைவைத்து.

நாலு சில்லிலும் தகடு மாட்டினேன்.
திரையில் பின் இடம் சிவப்பு,
பின் வலம் அதைவிடச் சிவப்பு.
இருபத்தாறு கலை வெளியே பார்க்கிறது.
மெஷின் அதை மினூட்டன் என்னும்.
பாகையை அறுபதாய் வெட்டினால் தமிழில் கலை.
இதை இங்கே யாருக்கும் சொன்னதில்லை,
சொன்னால், அதற்கும் சம்பளம் கேட்பாய் என்பான் மிலோராட்.

வலப்பக்கத் திருகாணி
எந்தப் பனிக்காலத்து உப்பிலோ இறுகிக் கிடந்தது.
சூடு காட்டி, எண்ணெய் விட்டு,
தமிழில் இரண்டு, செர்பியனில் ஒன்று
கெட்ட வார்த்தை சொன்னதும் அசைந்தது.

இனிப் பாரம்.
ஆள் ஏறினபடிதான் அளக்க வேண்டும்,
வெறுங்கார் பொய் சொல்லும்.
ஓட்டுகிறவர் இருக்கையில் மணல்மூட்டை எழுபத்தைந்து.
"தனியேதான் ஓடுவீர்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பக்கத்தில் நாற்பத்து மூன்று."

யாரென்று கேட்பதில்லை, வேலை அப்படி.
நாற்பத்து மூன்று கிலோவில் ஒரு மனுஷி,
கோட்டுக்குள் மெலிந்து மெலிந்து,
ஞாயிறு தோறும் லூயெக்கில் ஒரு கோப்பி...
இவ்வளவையும் நானே கட்டி முடித்து
மூட்டையை மெதுவாகத்தான் வைத்தேன்,
முதுகு நோகாமல்.

"பெல்ட்டும் போட்டு விடவா?"

"அவனுக்குப் பெல்ட் பிடிக்காது" என்று
வாசலைக் காட்டினார்.
பழைய டயர் அடுக்கின் மேல் தாடையை வைத்து
பெர்ன் மலைநாய் ஒன்று,
எச்சில் வடிய, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
காலையில் அதே காரிலிருந்துதான் இறங்கியிருக்கிறது.
நான் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பினேன். ஒரு கலை, இன்னொன்று,
கூடிப்போச்சு, கொஞ்சம் பின்னுக்கு.
நாலு கட்டமும் பச்சை.
தாளில் பாரம் என்ற இடத்தில்
எழுபத்தைந்து சக நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
அவர் அந்த வரியை மட்டும் இருமுறை படித்து
விலையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகு
கழற்றின இரண்டையும் அடுக்கில் எறிந்தேன்.
வெளிப்பக்கம் மேலே விழுந்தது.

"நல்ல டயர்" என்றான் மிலோராட்,
"ஏன் எறிகிறாய்?"