பெயர்ச்சீட்டு

சயான் ஸ்டேஷன் பின்மதிலில்
ஆடி மழை விட்டுப்போன இடத்தில்
ஊசி ஊசியாய்ப் பச்சைக் கொம்புகள்.
கணுக்கால்வரை சாக்கடைத் தண்ணீர்.
பேனாக்கத்தியால் ஒரு பத்தை சுரண்டி
நேற்றைய பேப்பரில் மடித்துக்கொண்டேன்.
பான் துப்பப் போன ஒருவர்
எனக்காகக் கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பினார்.

ஆந்தோசெராஸ் என்றால் பூக்கொம்பு.
இதில் பூவே கிடையாது.
எவர் கண்ணுக்கோ பூவாய்த் தெரிந்திருக்கிறது,
முன்னூறு வருஷமாய் அதுவே பெயர்.

ஈரல்பாசி வீட்டில்தான் முதலில் சேர்த்திருந்தார்கள்.
பிறகு ஜாடை சரியில்லை என்றார்கள்:
செல்லுக்கு ஒரே ஒரு பசுங்கணிகமாம்,
கொம்பு அடியிலிருந்து வளருகிறதாம்.
தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்.
உள்ளறையில் நாஸ்டாக் என்றொரு வாடகைக்காரன்,
மாதம் தவறாமல் நைட்ரஜன் கட்டுகிறான்.

குர்லாவில் மீன்தொட்டிக் கடைக்காரர்
இதே இங்கிலீஷ் பெயர் சொல்லி விற்பது
நம் குளத்து வேலம்பாசி.
அதற்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

என் பெயர் முத்துப்பேச்சி.
ஸ்கூலில் சேர்த்த அன்று கிளார்க் மூன்று கட்டம் காட்டினார்.
பெயர். அப்பா பெயர். ஆட்நாவ்.
கடைசிக் கட்டம் காலியாய் இருக்கக் கூடாது.
அப்பாவுக்கு அப்போது மராத்தியில்
பேரம் பேச மட்டும்தான் தெரியும்.
முத்து இந்தப் பக்கம், பேச்சி அந்தப் பக்கம்.
அன்றிலிருந்து பேச்சி ஒரு குடும்பம்,
அதில் ஆள் நான் மட்டும்.
ஓரினப் பேரினம், என்பாள் ஷலாக்கா,
டப்பாவிலிருந்து என் எலுமிச்சை ஊறுகாயை எடுத்தபடி.

லென்ஸுக்கடியில்
கொம்பு நுனியிலிருந்து இரண்டாய்ப் பிளந்து
முறுக்கிக்கொண்டு நிற்கிறது.
வித்துத்தூள் கறுப்பு என்று
பார்க்கும் முன்னரே எழுதிவைத்திருந்தேன்.
மஞ்சள்.
நல்ல கடலைமாவு மஞ்சள்.
அப்படியானால் இது ஃபேயோசெராஸ்,
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஹெர்பேரியத்தில் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
அதன் பக்கத்தில் புதியதை ஒட்டவேண்டும்,
யார் மாற்றினார், என்று மாற்றினார்.
ஐந்து சீட்டு சுமக்கும் உறை ஒன்று உண்டு இங்கே;
உள்ளே செடி
சுண்டுவிரல் நகமளவு, காய்ந்த கறுப்பு.

இனம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
இடம்: மதில், மூத்திர வாடை, மேற்குப் பார்த்தது.
(வாடையைப் பிறகு அடித்துவிட்டேன்.)
சேகரித்தவர் என்ற இடத்தில்
கட்டம் ஒன்றே ஒன்று.
முத்துப்பேச்சி என்று இடைவெளி விடாமல் எழுதினேன்.

ஷலாக்கா எட்டிப் பார்த்தாள்.
கமா எங்கே, என்றாள்.