மீதிச் சில்லறை

அந்த ஜூன் வியாழக்கிழமை
மெதடிஸ்ட் கூடத்தில் பென்சில் சீவி வைத்தது நான்தான்.
மூன்று தடுப்பு, மூன்று பென்சில்,
களவு போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல்.
டென்சில் பாஸ்கோ சொந்தப் பேனாவோடு வந்தான்.
"பென்சிலில் போட்டால் லண்டன்காரன் அழித்துவிடுவான்."
யாரும் அழிக்கவில்லை.
அவன் பக்கம்தான் ஜெயித்தது.

மூன்று வருடம் ஆகப்போகிறது.
நங்கூரத்தைத் தூக்கியபின்
எஞ்சின் பிடிக்காமல்
துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிற படகு மாதிரி
நாடு நிற்கிறது.

லவ்டேயின் மீன்கடையில்
விலைப்பலகைக்குக் கீழே ஒரு தாள்:
இன்னொரு முறை கேளுங்கள்.
நாற்பத்தோரு கையெழுத்து.
ஒன்றின்மேல் யாரோ கெட்ட வார்த்தை எழுதி
பிறகு மனசு கேட்காமல் அடித்திருக்கிறார்கள்.

சிலந்தி நண்டை எங்களூரில் எவரும் தின்பதில்லை.
உயிரோடு லாரியேறி ஸ்பெயினுக்குப் போகிறது.
சுங்கச்சாவடியில் ஒரு பகல் நின்றால்
சேருமிடத்தில் இறங்குவது நாற்றம்தான்.
லவ்டேக்கு ஐரோப்பா என்றால் அந்த லாரி.
டென்சிலுக்கு ஒரு காசோலை:
அப்பாவின் படகை மணலில் கிடத்தி
ரம்பத்தால் அறுத்ததற்குக் கொடுத்தது.
இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்.

சனிக்கிழமை தாளை மூக்கருகே வைத்துப் படித்தான்.
"கேட்டாயிற்று, சொல்லியாயிற்று.
பதில் பிடிக்கவில்லை என்றால்
பிடிக்கிறவரைக்கும் கேட்பீர்களா?"

"நீ கடலுக்குப் போன காலத்தில்
என்றைக்கு ஒரே வீச்சோடு கரைக்கு வந்தாய்?"

வரிசையில் நின்ற நாங்கள்
பனிக்கட்டியை உற்றுப் பார்த்தோம்.

"கல்யாணத்துக்கே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள்,
தடை உண்டா, தடை உண்டா என்று."
"மோதிரம் போடுமுன் வாசிக்கிறார்கள், லவ்டே.
போட்டபின் வாசிப்பதற்கு வேறு பேர்."
"போட்டாயிற்றா? எங்கே, விரலைக் காட்டு."

விடுமுறை வீட்டுக்காரர் ஒருவர்
இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று ஆரம்பித்தார்.
இருவரும் சேர்ந்து அவரைப் பார்த்தார்கள்.
கருவாடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அன்றைக்கு ட்ரெஸ்ஸாவுக்குப் பதினாறு," என்றாள் லவ்டே.
கத்தி நண்டின்மேலேயே நின்றது.
"இனி அறுபது வருடம் இதற்குள் வாழப்போகிறவள்.
என் மகளை யார் கேட்டது?"

அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டான்.
"அன்றைக்கு ஜோரி இருந்தான்.
ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு மேடேறி வந்தான்.
வீட்டைவிட்டு அவன் இறங்கியது அதுதான் கடைசி.
புதிதாக எண்ணினால்
அந்தக் குவியலில் என் தம்பி இல்லை.
செத்தவன் இன்னொரு முறை மேடேறுவானா?"

ஜோரி எனக்கு நினைவிருக்கிறது.
நிற்க முடியாமல் நாற்காலி கேட்டான்.
நூல் எட்டவில்லை.
பென்சிலை அவிழ்த்துக் கையில் கொடுத்தேன்,
அதற்கு விதி இருக்கிறதா என்று யோசிக்காமல்.
எந்தக் கட்டத்தில் போட்டான் என்று நான் பார்க்கவில்லை.
டென்சிலும் பார்க்கவில்லை.

இதைக் கடையில் சொல்லவில்லை.
"நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்கள்.
பென்சில் சீவுகிறவளுக்குக் கருத்துக் கிடையாது என்றேன்.
பொய்.
காலையில் ஒன்று இருக்கிறது,
விளக்கணைக்கும்போது இன்னொன்று.
இரண்டும் என்னுடையவைதான்.

கடைசியில் அவன்
இரண்டு கானாங்கெளுத்தி என்றான்.
லவ்டே தலையைச் சீவி, குடலெடுத்து,
காகிதத்தில் சுற்றி, பத்து பவுண்டுத் தாளை வாங்கி,
மீதியை ஈரக்கையால் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

எண்ணினான்.
சரியாக இருந்தது. அவன் முகத்திலேயே தெரிந்தது.
மறுபடி முதலிலிருந்து எண்ணினான்,
நாணயம் நாணயமாக, நிதானமாக,
வெளியே மழை, வரிசை காத்திருக்க.
லவ்டே அவசரப்படுத்தவில்லை.