ஒரு காது ட்ரான்ஸ்பார்மருக்கு

ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் நஜ்முதீன்.
சம்பள நாளில் சொல்வான்,
யூனியன் கூட்டத்தில் பின்வரிசையில் சொல்வான்,
என் நாத்தனார் கல்யாணப் பந்தியில்
சாம்பார் வாளிக்குக் குறுக்கே கழுத்தை நீட்டி:
"அக்கா, அந்தக் கப்பல் கதையைப் பாத்தீங்களா?"

பார்க்கலாம் தம்பி, என்பேன்.
பார்க்கலாம் என்பது எங்கள் துறையில்
புது மீட்டருக்கு எழுதிக்கொடுத்தவர்களிடம் சொல்வது.

இன்றைக்குப் பார்த்தேன்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே துணைமின் நிலையம்,
ஐப்பசி மழை விட்டு விட்டு.
வயலெல்லாம் தண்ணீர் நிற்பதால்
மும்முனை எப்போது வரும் என்று ஒருவரும் கூப்பிடவில்லை.
பதினோரு மணி ரீடிங்கை எழுதிவிட்டு
செல்போனைப் பதிவேட்டில் சாய்த்து
ஒரு காதில் மட்டும் இயர்போன்.
இன்னொரு காது ட்ரான்ஸ்பார்மருக்கு.

முதல் ஏழு நிமிடம் யாரும் பேசவில்லை.
கறுப்பு. அதில் ஒரு புள்ளி.
புள்ளி கப்பலாவதற்கா இத்தனை நேரம்?
அதற்குள் நான் பிரேக்கரைத் திறந்து, எர்த் போட்டு,
லைன்மேனை ஏற்றி இறக்கியிருப்பேன்.

பிறகு கட்டுப்பாட்டு அறை.
நானூறு வருடம் கழித்து என்கிறார்கள்,
அப்போதும் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு,
எங்கள் பேனலைவிட நாலு குறைவு.
அங்கும் ஒருத்தி இரவுப் பணியில் தனியாக இருக்கிறாள்.
சுழல் நாற்காலி. பிசிறில்லாத கொண்டை.
கொசு இல்லை.
சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினேன்.
கழிவறை எந்தப் பக்கம், யார் கழுவுவது,
எழுதியவருக்கு அது தோன்றவில்லை.

கீழே எழுத்து ஓடுகிறது.
எழுத்தைப் படித்தால் முகம் போய்விடுகிறது,
முகத்தைப் பார்த்தால் கிரகத்தின் பெயர்.
மூன்று கிரகம், ஒரு போர், ஒரு வாரிசு,
தண்ணீரை யார் திறந்துவிடுவது என்று ஒரு தகராறு.
அது மட்டும் சட்டென்று புரிந்தது.

ஆனால் நான் காத்திருந்தது வேறொன்றுக்கு.

புயல் அடித்த வருடம், பத்தொன்பதாம் ராத்திரி,
வேதாரண்யம் சாலையில்
சாய்ந்து கிடந்த கம்பங்களின் மேல் உட்கார்ந்து
பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தோம்.
கம்பிக் கணக்கு எழுத என்னையும் அனுப்பியிருந்தார்கள்.
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பல்பு கிடையாது.
அன்றைக்குத்தான் முதலில் சொன்னான்:
"கப்பல் முழுக்கச் செத்துக் கெடக்கும் அக்கா.
அவ ஒருத்தி மட்டும் டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு
கீழ்த்தளத்துக்கு எறங்குவா.
ஒரு சுவிட்சு. ஒரு வெளக்கு.
அப்புறம் ஒவ்வொரு அறையா,
தூங்குறவங்க மொகம் ஒவ்வொண்ணா.
ஒருத்தரும் அவளைப் பாத்திருக்க மாட்டாங்க.
மொத எபிசோடு, கடைசி சீனு."

கடைசி சீன் வந்தது.
மேஜைக்கு இருபுறமும் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.
ஒருவன் பேனாவை மூடுகிறான். இசை. பெயர்கள்.
பின்னால் தள்ளிப் பார்த்தேன், இரண்டு முறை.
டார்ச் இல்லை. கீழ்த்தளம் இல்லை.
அந்தக் கப்பலில் கரண்டே போகவில்லை.

பாத்துட்டேன், என்று அனுப்பினேன்.
தூங்காமல் இருந்திருக்கிறான். எப்படி?
மெதுவா போகுது.
நாலாவது வரைக்கும் பொறுங்க, அப்புறம் பிச்சுக்கும்.
டார்ச்சைப் பற்றி ஒரு வரி அடித்தேன்.
அழித்தேன்.
நாலாவதில் இருக்கலாம்.
வேறெந்தக் கதையோடோ குழப்பிக்கொண்டிருக்கலாம்.
அன்றைக்கு அந்தச் சோறு
வேறு எப்படியும் இறங்கியிருக்காது.

மணி அடித்தது. இடும்பாவனம் ஃபீடர் விழுந்திருக்கிறது.
மழைக்கு ஏதோ கிளை உரசியிருக்கும்.
ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நின்றது.
அங்கே மின்விசிறிகள் தயங்கிச் சுற்றியிருக்கும்,
யாரோ புரண்டு படுத்திருப்பார்கள்.

பன்னிரண்டு மணி ரீடிங்கை
இருபது நிமிடம் தாமதமாக எழுதுகிறேன்.
இரண்டாவது எபிசோடு ஐம்பத்திரண்டு நிமிடம்.
செல்போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.
மின்நிலையத்துக்கு வருகிறவள்
சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.